வெள்ளை டயரை நான் ஏன் அறுத்தேன்

பிரகாசு, சுமதி,

நேற்று சாயங்காலம் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட நீங்கள் வைத்திருக்கும் காரின் பின்பக்க டயரைக் காய் வெட்டும் கத்தியால் அறுத்தேன். அதிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் பேசவில்லை. உங்கள் அம்மாவும் பேசவில்லை. ஆனால் அவளுடைய கோபம் கத்திக்காக.

"பைத்தியம் புடிச்சிப் போச்சாப்பா உனுக்கு? காலைல பொண்ண ஏத்தினு வாலாஜா போவணும், மொதல் புக்கிங்கு" என்று பிரகாசு கத்தினான். காரணத்தை வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் ஷெட்டில் வண்டி இல்லை. பிரகாசு எந்த டயரைப் போட்டு ஓட்டிக்கொண்டு போனான் என்று எனக்குத் தெரியாது. போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டியிலிருக்கும் மாற்று டயரை, அந்த ஸ்டெப்னியைப் போட்டிருந்தால் அதுவும் மற்ற டயர்களோடு சேர்ந்து பழசாகிப் போனதுதான். பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆம்பூரிலிருந்து ஹைவேயில் போக வேண்டும். ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

போன மாதம் சுமதி கேட்டாள்: "அப்பா, நீ அந்தக் காலத்துல மொதலாளி வண்டிக்கு வெள்ளை டயர் கழுவினே இல்ல, எப்படிப்பா அவ்ளோ வெள்ளையா வெச்சே?" நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அதற்குள் பிரகாசு போனில் பார்த்து வெள்ளை ரப்பர் வளையம் வரவழைத்தான். "ஒட்னா போதும்பா, கழுவவே வேணாம்" என்றான். சரி, ஒட்டு என்று விட்டேன். நேற்று அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு. கட்டை விரல் நகம் உள்ளே போகிறது. உள்ளே நூல் தெரிகிறது. அதன்மேல் பால் போல வெள்ளை வளையம். பார்க்கிறவன் சபாஷ் என்பான்.

கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். முழுசாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. வெள்ளை டயர் கழுவுவது பெரிய வித்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைப் போல அற்பமான வேலை நான் பார்த்ததில்லை. சக்கரம் என்பது ரோட்டில், சேற்றில், சாணியில் உருள்வதற்கென்று செய்தது. அதன் பக்கத்தில் வெள்ளை ரப்பரை வட்டமாக வைத்து, அதில் அழுக்குப் படக்கூடாது என்று ஒருவனைச் சம்பளத்துக்கு வைப்பது என்ன புத்தி. நான்தான் அந்த ஒருவன். எட்டாவதோடு படிப்பை விட்டு, தோல் தொழிற்சாலையில் தோல் பதனிடும் டிரம் பக்கம் வேலை கிடைக்காதா என்று போனேன். கராஜில் தள்ளினார்கள். முதல் வருஷம் முழுக்க வண்டியின் மேல் பக்கத்தைத் தொட விடவில்லை. சக்கரம் மட்டும். பிறகு வண்டி முழுக்க. பிறகு ஓட்டவும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

முதலாளி வீட்டில் ஒரு பெரிய வெளிநாட்டுக் கார் இருந்தது. யாரோ ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றது. அதற்கு வெள்ளை டயர்தான் போட வேண்டும், அதுவும் கப்பலில் வர வேண்டும். தோல் வாங்க வெளிநாட்டுக்காரன் வந்தால் அந்த வண்டி. கல்யாணம், பண்டிகை என்றால் அந்த வண்டி. மற்ற நாளில் துணி போர்த்திக்கொண்டு தூங்கும்.

அதன் டிரைவர் ஜப்பார் பாய். கராஜுக்கு அவர்தான் பெரியவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை. அவர் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. கழுவி முடித்தேன் என்றால் வருவார், குனிவார், கைக்குட்டையின் ஒரு மூலையை விரலில் சுற்றிக்கொண்டு வெள்ளையின்மேல் ஒரு இழுப்பு இழுப்பார். சுத்தமாக இருந்தால் கைக்குட்டை பாக்கெட்டுக்குப் போகும். அழுக்கு ஒட்டினால் அதைப் பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திட்டமாட்டார். கைக்குட்டை தொங்கினால் மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டும், அந்தக் கைக்குட்டையையும் சேர்த்து. "இன்னா பாய், வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போவீங்க" என்று ஒருநாள் கேட்டேன். "வாயில இன்னாடா இருக்குது, அழுக்கு துணியில இருக்குது" என்றார்.

கழுவும் முறை இதுதான். வண்டியின் உடம்பைக் கழுவுவதற்கு முன்னால் சக்கரம். அதுவும் நிழலில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு. முதலில் டயரை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த டயரில் சோப்பு பட்டால் கறுப்பு கரைந்து வெள்ளையில் ஏறும், அப்புறம் அதை எடுக்கப் பாதி நாள். துணி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, தேங்காய் நாரால் வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே இல்லை. கம்பி பிரஷ் ஆகாது, கீறலில் அழுக்கு குடியேறும். நடைபாதைக் கல்லில் உரசிய கறுப்புக் கோடு இருந்தால் பாத்திரம் தேய்க்கிற பவுடர். அதற்கும் போகவில்லை என்றால் மட்டும் ரொம்ப மெல்லிய உப்புத்தாளை, அதாவது வாட்டர் பேப்பரை நனைத்து, விரல் கனம் இல்லாமல் இரண்டு தடவல். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகக்கூடாது. வெள்ளை மஞ்சளாகிவிடும். கறுப்புக்குப் போடும் பாலிஷை வெள்ளை ஓரத்துக்கு விடக்கூடாது.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு இம்சை உண்டு. நம் பக்கத்து போர் தண்ணீர் உங்களுக்குத் தெரியும், வாயில் வைக்க முடியாது. அதில் அலசினால் காய்ந்ததும் வெள்ளையில் உப்பு பூத்து நிற்கும். அதனால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர். ஆலங்காயம் பக்கத்துக் கிணற்றிலிருந்து முதலாளி வீட்டுக்கு டிராக்டரில் வரும் குடிதண்ணீர். தொழிற்சாலைக்கு வெளியே எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள், உங்கள் அம்மா உட்பட. உள்ளே நான் அந்தத் தண்ணீரை டயருக்கு ஊற்றிக்கொண்டிருப்பேன். "உன் பொண்டாட்டிக்கு கொடுத்து வைக்கல, டயருக்கு கொடுத்து வெச்சிக்குது" என்று தண்ணீர் டிராக்டர்காரன் சொல்லிச் சிரிப்பான். அது ஜோக்காம்.

சுமதி கேட்ட வெள்ளை இதுதான். இதற்குமேல் ஒரு ரகசியமும் இல்லை.

இனி டயரை ஏன் அறுத்தேன் என்பது.

முதலாளியின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு பெங்களூரு. நிக்கா ஆம்பூரில், முடிந்ததும் பெண்ணை அந்தப் பெரிய காரில் ஏற்றி ஹைவேயில் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். போர்த்திய துணியை எடுத்தோம். டயரின் வெள்ளையில் முடிபோல மெல்லிய வெடிப்புகள். ஓடாமல் நின்ற டயர் அப்படித்தான் ஆகும்.

ஜப்பார் பாய் போய், "மொதலாளி, டயர் மாத்தணும்" என்றார்.

முதலாளி கராஜுக்கே வந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் அழுத்தினால் ஆடா, மாடா, எந்தப் பக்கத்து மாடு என்று சொல்லிவிடுவார். அந்தக் கட்டை விரலை டயரில் வைத்து அழுத்தினார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று அந்த விரலையே பார்த்தோம்.

"காஞ்சி போச்சு. எண்ணெ இல்ல, அதான் வெடிக்குது. எண்ணெ குடுங்க" என்றார்.

தோல் காய்ந்தால் வெடிக்கும், எண்ணெய் காட்டினால் பதமாகும். இந்த ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் டயர் தோல் இல்லை. எந்த மாட்டிலிருந்தும் அதை உரிக்கவில்லை. இதைச் சொல்ல அங்கே ஒருவனுக்கும் தோன்றவில்லை. கணக்குப்பிள்ளை தலையாட்டினார். வாட்ச்மேன் தலையாட்டினான். தோலுக்கு மெருகு கொடுக்கும் ஃபினிஷிங் மேஸ்திரி சம்பந்தம் ஒரு படி மேலே போய், "நானும் அதான் மொதலாளி நெனச்சேன்" என்றார். அவர் முந்தின நாள் வரைக்கும் அந்த டயரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஜப்பார் பாய் மட்டும், "ரப்பருக்கு எண்ணெ ஆவாது மொதலாளி" என்றார்.

"நீ ஓட்றவன். இது எங்க வேலை" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

சம்பந்தம் மேஸ்திரி தோலுக்குப் போடும் எண்ணெயை டப்பாவில் கொண்டுவந்து, ஆட்களை வைத்து நான்கு டயருக்கும், ஸ்டெப்னிக்கும், காலையிலும் மாலையிலும் தேய்க்க வைத்தார். தொட்டுத் தொட்டுப் பார்த்து, "பாரு, எப்படி வாங்குது, எவ்ளோ தாகம்" என்று பூரித்துப்போனார். எண்ணெய் உள்ளே போனது உண்மைதான். கொஞ்ச நாளில் வெள்ளை டீ நிறத்துக்கு வந்தது. தொட்டால் பிசுபிசு என்று விரலில் ஒட்டியது. நான் சோப்பு, பவுடர், வாட்டர் பேப்பர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஜப்பார் பாய் கைக்குட்டையை வெளியே எடுக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் முதலாளி பார்த்தார். முகம் சுருங்கியது. எண்ணெய் போடச் சொன்னது யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. கழுவுகிறவன் சரியில்லை என்று ஒரு பேச்சு எழுந்தது. அதற்குள் சம்பந்தம் மேஸ்திரி, "கவலய வுடுங்க மொதலாளி, நம்ம கிட்ட இல்லாத வெள்ளையா" என்றார். ஷூவுக்குப் போகும் வெள்ளைத் தோலுக்கு அடிக்கும் பெயின்ட்டைத் துப்பாக்கியில் ஊற்றி, ஸ்ப்ரே அடித்து, மேலே பளபளப்புக்கு ஒரு பூச்சும் கொடுத்தார். தோலுக்கு அடிப்பது போலவே அடித்தார், நல்ல வேலைக்காரர். வெள்ளை கண்ணைக் குத்தியது. கப்பலில் வந்தபோதுகூட அது அப்படி இருந்ததில்லை. எல்லாரும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுப் பெண்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் பூ கட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். ஜப்பார் பாய் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து, கைக்குட்டை இல்லாமல் வெறும் கையால் தடவிக்கொண்டு வந்தார். பின்பக்கம் இடது டயரில் கை நின்றது. என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பெயின்ட்டுக்கு அடியில், அப்பளம் உப்பியது போல ஒரு மேடு. எண்ணெயினால் வந்ததா, முன்னாலேயே உள்ளே நூல் விட்டிருந்ததா என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும். பெயின்ட் அவ்வளவு நன்றாக இருந்தது.

அவர் முதலாளியிடம் போனார். வழக்கமாக அவர்கள் உருதுவில் பேசிக்கொள்வார்கள். அன்று முதலாளி தமிழில் பேசினார், சுற்றி நின்றவர்களுக்கும் புரியட்டும் என்று.

"இப்ப வந்து சொல்றியா ஜப்பார்? மாப்ள ஊட்டு ஆளுங்க வந்துட்டாங்க. வெள்ள டயர் வெச்ச வண்டின்னு சொல்லி வெச்சிருக்குது."

"பெயின்ட் வெள்ளயாத்தான் இருக்குது மொதலாளி. அடியில டயர் இல்ல."

"நல்லாத்தானே இருக்குது. மெல்லமா ஓட்டு."

"மெல்லமா வெடிக்கிற டயர் இல்ல மொதலாளி."

"பேஜார் பண்ணாதே. போ."

அவர் போனார். வண்டியிடம் இல்லை, தோலைத் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது, முதலாளியே வைத்த வழக்கம். ஒருமுறை ஆகாதென்று கழித்த தோலை யாரோ நல்ல தோலோடு சேர்த்துக் கட்டிவிட, அது கப்பலேறி, அவமானத்தோடு திரும்பி வந்ததாம். அதிலிருந்து, தோல் பிரிக்கிறவன் ஒரு தோல் ஆகாது என்று கண்டால் அந்த இடத்திலேயே கத்தியால் ஒரு வெட்டு வைத்துவிட வேண்டும். வெட்டு விழுந்த தோலைத் திரும்பக் கட்டில் சேர்க்க முடியாது. ஏன் வெட்டினாய் என்று முதலாளியும் கேட்கக்கூடாது. கேட்டதுமில்லை. எங்கள் தொழிற்சாலையில் முதலாளியின் வாயை மூடக்கூடிய பொருள் அந்தக் கத்தி ஒன்றுதான்.

ஜப்பார் பாய் அதை எடுத்துக்கொண்டு வந்தார். ஜாக்கி போட்டுத் தூக்கினார். வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார். பிறகு மேடு இருந்த இடத்தில், வெள்ளைமேல், ஒரே இழுப்பு. அந்த அழகான பெயின்ட் பால் ஏடுபோல உரிந்து தொங்கியது. அடியில் டீ நிறம், அதற்கடியில் பிரிந்த நூல்.

பூ கட்டுகிறவர்கள் கை நின்றது. சம்பந்தம் மேஸ்திரி, "ஐயோ, என்னா பாய் இது" என்றார். அவருக்குப் பெயின்ட் போன வருத்தம்.

முதலாளி கிட்டே வந்தார். குனிந்து அந்த வெட்டைப் பார்த்தார். கட்டை விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். ஏன் வெட்டினாய் என்று கேட்கவில்லை. எழுந்து நின்று, "மத்ததையும் பாரு" என்றார். ஜப்பார் பாய் பார்த்தார், இன்னொன்றிலும் வெட்டு வைத்தார். மூன்றாவதற்குக் குனியும்போது, "போதும். எல்லாத்தையும் கழட்டு" என்று முதலாளி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நேரத்துக்கு அந்த அளவில் கிடைத்தது ஒரே வண்டியின் டயர்தான்: பதனிடாத பச்சைத் தோல் ஏற்றி வரும் வேன். அந்த வேன் தெருமுனையில் திரும்பினாலே ஜனங்கள் மூக்கைப் பொத்துவார்கள். எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டு அதன் டயர்களைக் கழற்றி, பெரிய கார் ரிம்மில் மாட்டினோம். புது டயர், கெட்டியான டயர், கரிக்கட்டை போலக் கறுப்பு. நான் அதை ஆலங்காயத்துத் தண்ணீரில் அலசினேன். வாசனை முழுசாகப் போகவில்லை, மல்லிகைப் பூவை ஜாஸ்தியாகக் கட்டச் சொன்னோம்.

பெண் வந்து ஏறினாள். மாப்பிள்ளை வீட்டார், ஊரார், போட்டோகாரன் எல்லாரும் இருந்தார்கள். நான் கேட் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர் கண்கூட சக்கரத்துக்குப் போகவில்லை. வெள்ளை எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் அத்தனை வருஷம் தேய்த்தது யாருக்காக என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருக்காகவும் இல்லை.

மறுநாள் ஜப்பார் பாய் திரும்பி வந்தார். முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"போய் சேந்துச்சா?"

"சேந்துச்சு மொதலாளி."

முதலாளி தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வாரம், "அந்த டயர் உனுக்கு புடிச்சிதுன்னு எடுத்தே இல்ல, அந்த வண்டியையே ஓட்டு" என்று ஜப்பார் பாயைத் தோல் வேனுக்கு மாற்றினார். வேலையை விட்டு நிற்கும்வரை அவர் அதைத்தான் ஓட்டினார், அதே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். சம்பந்தம் மேஸ்திரிக்குக் கல்யாண வேட்டி சட்டை கிடைத்தது. உலகத்தில் நியாயம் எப்படி நடக்கிறது என்று படிக்கப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை, ஒரு கராஜில் வேலை பார்த்தால் போதும்.

"வருத்தமா இல்லயா பாய்?" என்று வேன் பக்கம் போய்க் கேட்டேன்.

"எதுக்குடா? பொண்ணு போய் சேந்துச்சு இல்ல" என்றார். அப்புறம் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "நாத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். மத்தியானம் சுமதி வந்து வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பொண்ணு வாலாஜா போய் சேந்துட்டாங்களாம்."

"எந்த டயர்ல?" என்று கேட்டேன்.

"கருக்கல்லயே டயர் கடைக்காரர எழுப்பி நாலும் புதுசு போட்டான். நீ அறுத்தத எடுத்துனு போயி காட்டினானாம். அவரு பாத்துட்டு, இதுல பொண்ண ஏத்த இருந்தியான்னு கேட்டாராம்." அப்புறம், "புது டயர் மேலயும் அந்த வெள்ள வளையத்த ஒட்டிட்டான்" என்றாள்.

ஒட்டிக்கொள்ளட்டும். நல்ல டயர்மேல் வெள்ளை ஒட்டினாலும் ஒன்றுதான், விபூதி பூசினாலும் ஒன்றுதான்.

பிறகு போனில் போட்டோ காட்டினாள். பெண் சிரிக்கிறாள், வண்டி முழுக்கப் பூ, பிரகாசு ஓட்டும் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறான். சக்கரம் அந்தப் போட்டோவில் விழவே இல்லை.

உங்கள் அம்மாவுக்குப் புதுக் கத்தி ஒன்று வாங்கி வாருங்கள், பழையதில் ரப்பர் வாடை போகவில்லை என்று என் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருக்கிறாள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அதை ஷெட்டில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். வண்டி இன்னும் ஓடப்போகிறது அல்லவா.

அப்பா